அந்த ஒரு கட்டை

ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் மரம் அறுத்தவன் நான். பயந்த சுபாவம். எண்பதுகளில் ஒரு யானை முகாமுக்கு, பிடிபட்ட காட்டு யானையை அடைக்கும் கரால் என்ற மரக்கூண்டு கட்டப் போனேன். கட்டைகளுக்கு நடுவே இருந்த சந்தில் அந்த யானை எப்போதும் தும்பிக்கையை வெளியே நீட்டி நிற்கும். உடைத்துவிடுமோ என்ற பயத்தில், யாரையும் கேட்காமல் அங்கே இன்னொரு கட்டையைச் செருகினேன். அன்றிலிருந்து அது தின்னவில்லை.

"காட்டுக் காத்த மோந்துக்கிட்டுத்தான்யா அது உசுரோட நின்னுச்சு," என்றார் பாகன்.

கட்டையை உருவினேன். தும்பிக்கை வெளியே வரவேயில்லை. அடுத்த வாரம் யானை செத்துப்போனது.

மாரமங்கலத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு சந்து இருக்கிறது.

"ஏனுங்க, நொம்ப குளுருது, அதை அடைச்சா என்னங்க?" என்பாள் மனைவி.

மண்ணைக் குழைத்து எடுத்துப் போவேன். உள்ளங்கையில் காற்று படும். கை அப்படியே நின்றுவிடும்.