கண்ணாடி அறை கிடைக்காத நாள்

காதுக்காரர் என் பக்கத்து மேசைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இனி போகவும் மாட்டார் போலிருக்கிறது, எல்லாம் என் தலையெழுத்து. காது கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்துவது அவர் தொழில். காது நன்றாகக் கேட்கும் எங்கள் உயிரை வாங்குவது உபதொழில்.

எங்களுடையது பலர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் அலுவலகம். ஒரே கூடம், பதினான்கு மேசைகள், மூலையில் முன்பதிவு செய்து மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஒரு கண்ணாடி அறை. நான் வீட்டு வரைபடம் போடுகிறவள். காதுக்காரருக்கு அந்தப் பக்கம் விமான டிக்கெட் போடும் அண்ணன் தம்பி. ஆளுக்கு இரண்டு போன், எந்தப் போனிலும் மெதுவாகப் பேசத் தெரியாது. தனி அறை எடுத்தால் வாடகை மூன்று மடங்கு. இங்கே என்றால் சொல்லிக்கொள்ள ஒரு முகவரி, வருகிறவர்களை உட்காரவைக்க நாற்காலி, ஒழுங்காக ஓடுகிற ஏசி. அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறோம்.

காதுக்காரருக்கு அந்தப் பொறுமையும் கிடையாது. "வாடகையும் குடுத்து சந்தைக்கடையில உக்காந்திருக்கேன்" என்று தினமும் என்னிடம்தான் புலம்புவார். நான் நாற்காலியை நகர்த்தினால்கூடத் திரும்பி முறைப்பார். கடைசியில் அந்த மூன்று மடங்கு வாடகைக்கே ஓர் அறை பார்த்து, மாத முடிவில் காலி செய்வதாக மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும்.

அந்த மாதம் ஒரு டீச்சர் அவரிடம் நடையாய் நடந்தார். வகுப்பில் பிள்ளைகள் கேட்பது அவர் காதில் விழவில்லை. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் காதுக்காரர் அவரைக் கண்ணாடி அறைக்குள் அழைத்துப்போய், கதவைச் சாத்திக் கருவியைச் சரிசெய்வார். அங்கே எல்லாம் துல்லியமாகக் கேட்கும். இரண்டே நாளில் டீச்சர் திரும்பி வருவார்.

"உங்க ரூம்ல கேக்குது சார். கிளாஸ்ல ஒரே இரைச்சல்."

நான்காம் முறை வந்தது வெள்ளிக்கிழமை. மேனேஜர் கண்ணாடி அறையை ஒரே நேரத்துக்கு இரண்டு பேருக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார். டிக்கெட் அண்ணன் முந்திக்கொண்டு, நான்கு போனையும் தம்பியிடம் விட்டுவிட்டு ஒரு வாடிக்கையாளரோடு உள்ளே போய்விட்டார். காதுக்காரர் மேனேஜரிடம் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தார்.

"இன்னைக்கு விட்டா எனக்கு நாள் இல்ல சார்" என்றார் டீச்சர்.

வேறு வழியில்லாமல் காதுக்காரர் அவரைத் தன் மேசை முன்னாலேயே உட்காரவைத்தார். தம்பி போனில் அலறிக்கொண்டிருந்தார். காபி இயந்திரம் வேறு கரகரத்தது.

"நான் பேசுறது கேக்குதா?"

"டிக்கெட் விலைதான் கேக்குது சார்."

காதுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சத்தமே இல்லாத அறையில் சரிபார்த்து, நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே அனுப்பிய தப்பு அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பி வாயை மூடப் போனபோது, "நிறுத்தாதீங்க, பேசிட்டே இருங்க" என்றார். கணினியில் எதையோ குறைத்தார், எதையோ கூட்டினார். "இப்போ?" "இல்ல." "இப்போ?" முக்கால் மணி நேரம் இதே கூத்து. என் வரைபடத்தில் சமையலறைக்குக் கதவு வைக்கவே மறந்துவிட்டேன்.

தாங்க முடியாமல் அக்காவுக்குப் போன் போட்டேன். டீச்சரின் முதுகுக்குப் பின்னால்தான் என் மேசை. தம்பியின் அலறலுக்கு நடுவே குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன்.

"மண்டை காயுதுக்கா. இவரும் விடமாட்டேங்கறாரு. அந்த டீச்சர் பாவம், இனிமே இந்த வேலை அவங்களுக்குச் சரிப்படாது."

டீச்சர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"சரிப்படும்மா" என்றார்.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. போனை அணைத்துவிட்டு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். காதுக்காரர் அதற்குள் எழுந்து நின்றுவிட்டார்.

"அதையே இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் என்னிடம். "இன்னும் கொஞ்சம் மெதுவா."