தயிர் இல்லாத மாதம்

எங்கள் கொல்லையில் வளர்ந்த நாய் மணிக்குத் தினமும் தயிர்சாதம்தான். ஒரு வருஷம் அதற்கு உடம்பெல்லாம் அரிப்பு. ஓயாமல் சொறிந்ததில் முதுகில் ரோமமே இல்லாமல் போயிற்று. வேப்பெண்ணெய் தடவினோம். திருச்சியில் துரைமார் நாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர் கொடுத்த களிம்புக்கும் கேட்கவில்லை.

"முனிசிபாலிட்டிக்காரன்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுங்கோ," என்று பக்கத்து வீட்டு மாமா பார்க்கும்போதெல்லாம் சொன்னார்.

அப்போதுதான் நாலு மாதச் சாதுர்மாஸ்ய விரதத்தில் தயிரை விலக்கும் மாதம் பிறந்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அதைத் தவறாமல் அனுஷ்டிப்போம். எங்களுக்கே தயிர் இல்லாதபோது மணிக்கு ஏது? பருப்புசாதம்தான் வைத்தேன்.

மாதம் முடிவதற்குள் அதன் முதுகில் புது ரோமம் பளபளத்தது! பூரித்துப்போய், தயிர் சேர்க்கத் தொடங்கிய அன்றே அதற்கும் ஆசையாகத் தயிர்சாதம் பிசைந்து வைத்தேன். மறுநாளே மணி சுவரில் முதுகைத் தேய்த்தது.

உள்ளே இருந்தவரைக் கூப்பிட்டேன். "ஏன்னா, இங்க வந்து பாருங்கோ! இதுக்குத் தயிர்தான் ஆகலை!"

என் கணவர் வந்து மணியின் முதுகைப் பார்த்தார். "நாம பெருமாளுக்காக விட்டோம். இதுக்குன்னா பலிச்சிருக்கு!" என்றார்.

பிறகு மணிக்குத் தயிரே வைக்கவில்லை, அரிப்பும் வரவில்லை. எங்களுக்கு அந்தத் தயிர் விரதம் வருஷத்தில் ஒரு மாதம்தான். ஆயுள் முழுக்க அதை அனுஷ்டித்த ஜீவன் எங்கள் வீட்டில் மணி ஒன்றுதான்.