லுவான் அளந்த நீலத்தாள்

சாதெக் ஊர்ச் சந்தையில் பலகையில் செருகி லாட்டரிச் சீட்டு விற்ற லுவானுக்கு இருபது வயதில் வந்த காய்ச்சலோடு பார்வை போயிற்று. அதன்பின் காசைக் கையால்தான் பார்த்தார். பழைய காகிதத் தாள்கள் ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு விதம்: ஒன்று துணிபோலத் தொய்ந்திருக்கும், ஒன்றில் மீன் வாடை அடிக்கும், மழைக்காலத்தில் சில கையோடு கிழிந்து வரும்.

பிளாஸ்டிக் தாள் வந்ததும் காப்பிக்கடை தியெம் முதல் தாளை அவர் கையில் வைத்தாள். லுவான் வழித்தார், கசக்கினார், காதருகே வைத்துச் சடசடக்க வைத்தார்.

"இது காசாம்மா, பிஸ்கட் உறையா?"

சொல்லிவிட்டு, தன் ஐஸ் டீக்குள் அதை முக்கினார். தியெம் அலறினாள்.

"யோவ், அது என் காசுய்யா!"

உதறியதும் தாள் உலர்ந்துபோனது. லுவானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சிரிப்பு நீடிக்கவில்லை. ஊரெல்லாம் பிளாஸ்டிக் ஆனதும் எல்லாத் தாளும் ஒரே வழவழப்பு, ஒரு வாடையும் இல்லை. யாரைக் கேட்டாலும், "நிறத்தைப் பாருண்ணே" என்றார்கள். அவர் தியெமிடம் ஒவ்வொரு வகையிலும் ஒரு தாள் இரவல் கேட்டார்.

"மறுபடியும் டீயில போடுவியா?"

"மாட்டேன். எதுல வித்தியாசம்னு தெரியணும், அவ்வளவுதான்."

அன்று பகலெல்லாம் விற்பனையை மறந்து தாள்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கித் தடவினார். ஓர் ஓரம் சரியாக வைத்தால் மறு ஓரம் படிப்படியாக நீண்டது. ஒவ்வொரு படியும் ஓர் அரிசி நீளம்கூட இல்லை! சீட்டுப் பலகையின் விளிம்பில் ஒவ்வொரு நீளத்துக்கும் கத்தியால் ஒரு வெட்டுக்குறி போடும்படி தியெமிடம் சொன்னார். விரைவிலேயே பலகை இல்லாமலே விரல்களுக்கு அந்த நீளங்கள் பழகிப்போயின.

ஒரு நாள் மழையில் மீன்கார ஹுவே அவசரமாக நான்கு சீட்டு எடுத்து, ஒரு தாளைத் திணித்தாள்.

"இருபதாயிரம் டாங், சரியாப்போச்சா?"

லுவான் தாளை நீவினார். இருபதாயிரத்தைவிட விரலகலம் நீண்டிருந்தது. சந்தேகத்தில் பலகையிலும் வைத்துப் பார்த்தார்.

"அக்கா, இது ஐந்நூறாயிரம். நல்லா பாருங்க."

ஹுவே பார்த்தாள். இருபதாயிரமும் ஐந்நூறாயிரமும் நீல நிறம்தான். சட்டென்று அதை வாங்கிக்கொண்டு இருபதாயிரத்தை நீட்டினாள்.

"கண்ணிருந்தும் நான் பாக்கலியேப்பா!"

சேதி பரவி, மற்ற ஊர்ப் பார்வையற்ற சீட்டுக்காரர்களும் தேடி வந்தார்கள். லுவான் வருகிறவரின் பலகையைத் தியெமிடம் நீட்டுவார்.

"இன்னொண்ணா? இனி வெட்டுக்கு ஒரு காப்பி வாங்கணும்" என்பாள் அவள்.

வாங்கினார்கள். லுவானை மட்டும் ஒரு கேள்வி விடவில்லை; தியெமிடம் கேட்டே விட்டார்: தாளில் கண்ணாடிபோல ஒரு பகுதி இருக்கிறதாமே, அதன் வழியாக என்ன தெரியும்?

தியெம் தாளைக் கண்ணருகே பிடித்து அவரைப் பார்த்தாள். "உன் மூக்கு தெரியுது" என்றாள்.