கத்தம் பைக்குள் போன ரயில்

மும்பையில் தாராவியிலிருந்து செம்பூர் போகிற வழியில் ஓடுகிற லோக்கல் ரயிலை ஒற்றை ஆளாக நிறுத்தி வைத்தவள் சஃப்ரீன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் வாயைப் பிளந்தால், ரயில் நின்றதைப் பார்த்து மழையும் நின்றுவிட்டது என்று சேர்த்துக்கொள்வதும் உண்டு. அதெல்லாம் கொஞ்சம் கூடுதல்தான். ரயில் சிக்னல் கோளாறில் தானாகத்தான் நின்றது. மழை நிற்கவே இல்லை. சஃப்ரீன் நிறுத்தப் பார்த்தது ஒரு மனிதனை. அது ரயிலை நிறுத்துவதைவிடப் பெரிய பாடு.

அதுவும் யார்? சஃப்ரீன்! அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைத் தாராவி கண்டதில்லை. கரப்பான் பூச்சிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், இடிக்குப் பயம். பை தைக்கும் கார்கானாவில் வேலை பார்த்தபோது ஊசி உடைந்து தெறித்துவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டே தைத்தாள் என்பார்கள். கார்கானா மூடப்பட்ட பிறகு செம்பூரில் ஒரு பகல்நேர மையத்தில் துணையாளாகச் சேர்ந்தாள். பேச்சு வராதவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், பள்ளி வயதைத் தாண்டி வளர்ந்துவிட்டதால் வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள் வருகிற இடம் அது. சஃப்ரீனிடம் ஒப்படைக்கப்பட்டவன் பூலோகம். காலையில் தாராவியில் அவன் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய், பகல் முழுக்கக் கூடவே இருந்து, சாயங்காலம் அவன் அம்மா கோமதியம்மாள் கையில் திரும்ப ஒப்படைக்க வேண்டும்.

பூலோகத்துக்கு இருபத்தாறு வயது. கதவளவு உடம்பு. வாயில் ஒரு சொல் கிடையாது. மனம் கலங்கினால் தன் மணிக்கட்டையே கடிப்பான். கலக்கம் முற்றினால் தலையைச் சுவரில் மோதுவான். சஃப்ரீன் சேர்ந்த புதிதில், அப்படி மோதிக்கொண்டிருந்தவனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். திமிறிய வேகத்தில் அவன் முழங்கை அவள் முன்பல்லில் பட்டது. பல்லின் ஒரு மூலை உடைந்து விழுந்தது. அன்றிலிருந்து சஃப்ரீன் சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

"அவன் ஒன்ன அடிக்கல சஃப்ரீன். அவனுக்குக் கோவமும் இல்ல. அடுத்து என்ன நடக்கப்போகுதுன்னு தெரியாத பயம், அவ்வளவுதான்," என்றாள் மையத்தின் டீச்சர் கலைச்செல்வி.

அடுத்து என்ன நடக்கப்போகிறதோ என்ற பயத்தைப் பற்றிச் சஃப்ரீனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் பிறந்ததிலிருந்தே அதோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். வேலையை விட்டுவிடலாம் என்று வந்தவள் அந்த வேலையிலேயே தங்கிவிட்டாள்.

மற்ற பிள்ளைகளுக்கு அன்றன்றைய வேலைகளைப் படங்களாகக் காட்டுவார்கள். பூலோகம் படத்தைப் பார்க்க மாட்டான். தொட்டால்தான் அவனுக்கு எதுவும் விளங்கும். அவன் அப்பா வானமாமலை பெல்ட் பட்டறைக்காரர். அதனால் கலைச்செல்வி அவரிடம் கேட்டுத் தோல் துண்டுகள் வாங்கி ஒரு வளையத்தில் கோத்துக் கொடுத்தாள். சொரசொரப்பான துண்டு என்றால் பஸ். வழவழப்பான கறுப்புத் துண்டு என்றால் ரயில். ஓட்டை போட்ட துண்டு என்றால் மையம். ஒன்று முடிந்ததும் பூலோகமே அந்தத் துண்டைக் கழற்றி, சஃப்ரீன் தோளில் தொங்கும் ஒரு சின்னப் பைக்குள் போடுவான். அதற்குக் கத்தம் பை என்று பெயர். உள்ளே போனால் அந்தக் காரியம் கத்தம், முடிந்தது. சாயங்காலம் வரை அது திரும்பி வராது. ஒருமுறை புதிதாக வந்த ஒரு துணையாள் விவரம் தெரியாமல் பையிலிருந்து ஒரு துண்டைத் திரும்ப எடுத்து நீட்டினாள். நெற்றியில் ரத்தம் வரும்வரை பூலோகம் சுவரை விடவில்லை.

"ரெண்டு காலும் பிளாட்பாரத்துல வச்சப்புறம்தான் ரயில் துண்டு பைக்குள்ள போகணும்," என்று கலைச்செல்வி சொல்லியிருந்தாள். சஃப்ரீனும் அப்படித்தான் செய்துவந்தாள், அந்த ஜூலை மாதக் காலை வரை.

அன்று கோமதியம்மாள் வாசலில் நின்று, தினமும் சொல்வதையே சொன்னாள்: "ஏட்டி சஃப்ரீனு, கொண்டு போற மாதிரியே கொண்டாந்து விட்டுரு."

"சரி பெரியம்மா."

"மழையா வேற இருக்கு. ஒனக்கு இடின்னா ஆவாதே. ஒன்ன யாரு பாத்துக்கிடுவா?"

"அதான் அண்ணன் இருக்காவள்லா," என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் சஃப்ரீன்.

ஜிடிபி நகர் ஸ்டேஷனில் ஹேண்டிகேப் டப்பாவில் ஏறினார்கள். ஊனமுற்றவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்கிய சின்னப் பெட்டி அது. எதிர் பெஞ்சில் வழக்கம்போல ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஜெயினுலாப்தீன் உட்கார்ந்திருந்தார். மான்குர்டில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெரியவர், காயல்பட்டினத்துக்காரர்.

"என்ன பூலோகம், மாப்பிள்ளை கணக்கா சட்டைலாம் புதுசா இருக்கு?" என்றார். பூலோகம் கறுப்புத் துண்டை மூக்கில் வைத்து மோந்துகொண்டே ஜன்னலைப் பார்த்தான். குர்லாவில் கூட்டம் ஏறியது. திலக் நகர் போனது. வானம் கறுத்து இடி இடித்தது. சஃப்ரீன் பூலோகத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

இந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. செம்பூரில் இறங்க வேண்டியவர்கள் திலக் நகரிலேயே எழுந்து கதவோரம் போய்விடுவார்கள். உட்கார்ந்தே இருந்தால் ஏறுகிற கூட்டம் இறங்க விடாது. மும்பையில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை, கால் தானாக எழும். சஃப்ரீனும் எழுந்தாள். கூட்டத்தில் பூலோகத்தை இறக்க முடியாமல் போய்விட்டால் என்ற பயம் வேறு. வண்டி வேகம் குறைந்ததும் ஸ்டேஷன் வந்துவிட்டது என்று எண்ணி, அவள் கை தன் பாட்டில் கத்தம் பையைத் திறந்தது. திறந்த பையைப் பார்த்த பூலோகம் கறுப்புத் துண்டை உள்ளே போட்டான். ஓட்டைத் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

வண்டி நின்றது. வெளியே செம்பூர் இல்லை. பிளாட்பாரமே இல்லை. ஈரச் சரளைக்கல்லும் எதிர் வண்டி வருகிற தண்டவாளமும்தான் இருந்தன.

 சஃப்ரீன் பையைத் திறந்ததால்தான் பூலோகத்துக்கு ரயில் முடிந்திருக்கிறது. முடிந்த பிறகு அதில் எப்படி இருப்பான்?

அதற்குள் அடுத்தடுத்த பெட்டிகளிலிருந்து ஆபீஸ்காரர்கள் கீழே குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். குடையை விரித்துக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாகச் செம்பூரை நோக்கி நடந்தார்கள். இவர்கள் டப்பாவில் ஓசியில் ஏறியிருந்த ஓர் இளைஞனும் தொப்பென்று குதித்தான். பூலோகம் அதைப் பார்த்தான். எல்லாரும் இறங்குகிறார்கள், அப்படியானால் இதுதான் இறங்குமிடம். அவன் கதவுக்கு நடந்தான்.

"அண்ணே, இல்லண்ணே... இன்னும் வரல..."

சொல் அவனிடம் போய்ச் சேரவில்லை. கதவின் நடுக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு காலை வெளியே தொங்கவிட்டான். கீழே ஆளுயரப் பள்ளம். மழைத் தண்ணீர் கல்லின் மேல் ஓடியது.

"அரே பாய், உதர்னா ஹை தோ ஜல்தி உதரோ!" என்று பின்னாலிருந்து ஒருவர் சீக்கிரம் இறங்கச் சொல்லி அவசரப்படுத்தினார். இன்னொருவர் பூலோகத்தின் சட்டைக் காலரைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"மத் சூவோ! தொடாதீய! தொட்டா குதிச்சிருவான்!"

தன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு கத்தல் வரும் என்று சஃப்ரீனுக்கே தெரியாது. நீண்ட கை பின்வாங்கியது. அவள் நாக்கு உடைந்த பல்லைத் தேடிப் போனது. பின்னாலிருந்து பிடித்தால் என்ன ஆகும் என்று அந்தப் பல்லுக்குத் தெரியும். சுவர் இருந்த இடத்தில் இன்று வெறும் காற்று. கத்தம் பைக்குள் கையை விட்டுக் கறுப்புத் துண்டை எடுக்கலாமா? எடுத்தால் அவன் தலையை எங்கே மோதுவான்? கதவுக் கம்பியிலா, கீழே தண்டவாளத்திலா?

தூரத்தில் ஹாரன் கேட்டது. எதிர் வண்டி.

யா அல்லாஹ், கொண்டு போற மாதிரியே கொண்டாந்து விட்டுருன்னாவளே.

அவள் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். யோசித்து உட்கார்ந்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் பயத்தில் விழுந்தாள் என்பதுதான் சரி. ஈரமான தரையில் தொப்பென்று உட்கார்ந்ததில் ஒரு செருப்பு கழன்று கோணலாகக் கிடந்தது.

அந்தச் செருப்பைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புத்தி வந்தது. மையத்து வாசலில் தினமும் முதல் வேலை அதுதானே? பூலோகம் உட்கார்ந்து எல்லாருடைய செருப்புகளையும் ஜோடி ஜோடியாக வரிசையில் வைப்பான். ஒன்று கோணலாக இருந்தாலும் உள்ளே காலெடுத்து வைக்க மாட்டான். அவன் கையிலிருப்பது மையத்தின் துண்டு. மையத்துக்கு அவன் போக முடியாது, சரி. மையம் இங்கே வரலாமே?

மற்ற செருப்பையும் கழற்றிச் சற்று தள்ளி, வேண்டுமென்றே கோணலாக வைத்தாள். மையத்து வாசலில் தினமும் கூப்பிடுகிற அதே இழுப்பில் கூப்பிட்டாள். 

"பூலோகண்ணே... செருப்பூ..."

அவன் தலை திரும்பியது. கால் இன்னும் வெளியேதான் இருந்தது.

"செருப்பக் கழட்டுங்க எல்லாரும்! சப்பல் நிகாலோ, ப்ளீஸ்!"

பைத்தியத்தைப் பார்ப்பதுபோல எல்லாரும் பார்த்தார்கள். முதலில் குனிந்தவர் ஜெயினுலாப்தீன். பிறகு நிறைமாதமாக இருந்த ஒரு மராத்திப் பெண், குனிய முடியாமல் காலாலேயே உதறிவிட்டாள். அவசரப்படுத்திய ஆள்கூட முணுமுணுத்துக்கொண்டே பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். டப்பாவின் நடுவில் செருப்புகள் தாறுமாறாகக் குவிந்தன.

பூலோகத்தின் முகம் சுருங்கியது. இவ்வளவு அலங்கோலத்தை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காலை உள்ளே இழுத்தான். கம்பியை விட்டான். வந்து, சஃப்ரீனுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

அவன் முதல் ஜோடியைச் சேர்ப்பதற்குள் எதிர் வண்டி அலறிக்கொண்டு கடந்தது. கதவு வழியாகக் காற்றும் சாரலும் அறைந்தன. அவன் காதைப் பொத்திக்கொண்டான். சஃப்ரீன் கண்ணை மூடிக்கொண்டாள், ஊசி தெறிக்கும் என்று பயந்த காலத்தில் மூடியதுபோலவே. எதிர் வண்டி போன பிறகும் வெகுநேரம் திறக்கவில்லை; திறந்தபோது அவன் தரையில்தான் இருந்தான்.

கோணலாக வைத்த செருப்பை நேராக்கும்வரை அவன் எழவில்லை. அது நேராவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. செம்பூர் பிளாட்பாரத்தில் அன்று பாதிப் பேர் செருப்பு மாறிப் போட்டுக்கொண்டுதான் போனார்கள். அதில் ஒருவர் இன்னமும் இடது கால் பூட்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. சஃப்ரீன் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பூலோகம் சற்று நேரம் நின்று பார்த்தான். பிறகு ஓட்டைத் துண்டை அவள் மூக்குக்கு நேரே நீட்டி ஆட்டினான். மையத்துக்கு நேரமாகிவிட்டதாம்.

சாயங்காலம் நடந்ததை மறைக்காமல் கோமதியம்மாளிடம் சொன்னாள். கோமதியம்மாள் மகன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, இவள் தலையையும் தடவிப் பார்த்தாள். "நாளைக்கு வருவியாட்டி?" என்று மட்டும் கேட்டாள். சஃப்ரீன் மறுநாளும் வந்தாள், பயந்துகொண்டேதான். இப்போதெல்லாம் பிளாட்பாரத்தில் அவன் இரண்டு காலும் பட்டு, அதைக் குனிந்து பார்த்த பிறகுதான் கத்தம் பையைத் திறக்கிறாள்.

இந்தக் கதையைப் போன ஞாயிற்றுக்கிழமை கோமதியம்மாள் வீட்டில் வைத்துச் சொன்னேன். அந்த ஒரு கோணல் செருப்பில் சஃப்ரீன் எப்படி ஒரு மலையைக் கட்டிப்போட்டாள் என்று நான் முடித்தபோது, டீ குடித்துக்கொண்டிருந்த ஜெயினுலாப்தீன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கோணல்லாம் அவனுக்கு ஒரு நிமிச வேலைம்மா. எல்லாத்தையும் நேராக்கிட்டுத் திரும்பவும் கதவுக்குத்தான் எந்திரிச்சான், சஃப்ரீன் புள்ள கண்ண மூடிட்டே இருந்துச்சு, பாக்கல. அப்பத்தான் என் செருப்பு அவன் கண்ணுல பட்டுச்சு. எனக்கு இருக்கது ஒத்தக் காலு, ஒத்தச் செருப்பு. அதுக்கு ஜோடி எங்கன்னு சீட்டுக்கு அடியில தவந்து தவந்து தேடுனான் பாருங்க, அதுக்குள்ளதான் வண்டி கெளம்புனது. இன்னைக்கும் என்னப் பாத்தா ஒருதடவ குனிஞ்சு சீட்டுக்கடியில பாத்துக்கிடுதான்."