வில்ஃப் ஹாப்டே ஒரே தட்டில் காட்டிய நகைகள்

லண்டனில் எங்கள் ஏலக்கூடத்துக்கு வந்து போனவர்கள் யாருக்கும் வில்ஃப் ஹாப்டேயின் முகம் நினைவிருக்காது. கையைக் கேட்டால் சொல்வார்கள். பச்சை ஏப்ரனும் வெள்ளைக் கையுறையுமாக மேடைக்குப் பக்கத்தில் நின்று, ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளையும் கறுப்பு வெல்வெட் தட்டில் வைத்துக் கூட்டத்துக்குக் காட்டுவதுதான் அவர் வேலை. திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பது நான். எகிப்து மோதிரம், ரோமாபுரித் தோடு என்று செத்தவர்கள் சொத்தெல்லாம் என் கையிலிருந்து அவர் கைக்குப் போகும்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலப் பட்டியல் புத்தகத்தில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி, தட்டில் காட்டியதுதான் விற்பனை. சுத்தியல் விழுந்தால் விழுந்ததுதான். ஒருமுறை ரெஜ் என்கிற தடியன், மதியம் குடித்த பீர் தெளியாமல், மண்விளக்குக்குப் பதிலாக வெண்கல விளக்கைத் தூக்கிக் காட்டித் தொலைத்தான். வாங்கினவர் வெண்கலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நஷ்டம் கூடத்தின் தலையில் விழுந்தது. ரெஜ்ஜுக்கு அன்றோடு வேலை போயிற்று. அதிலிருந்து வில்ஃப் தட்டை வாங்கும்போதெல்லாம், "பாத்துக் குடு தாயே, என்னையும் ரெஜ் ஆக்கிடாதே" என்பார்.

எழுபத்தாறாம் வருஷம், வெயில் கொளுத்திய அந்தக் கோடையில், ஒரு கர்னலின் மகள் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். அவள் அப்பா சைப்ரஸில் இருந்தபோது பொழுது போகாமல் கல்லறை தோண்டினாராம். பொழுதுபோக்கைப் பாருங்கள்! பெட்டிக்குள் ஒரு பொன்மணி மாலை, ஒரு கைக்குழந்தையின் வளையல். "ரெண்டும் ஒரே குழியில கிடைச்சதுதான். தாய் எலும்புமேலயே குழந்தையோட எலும்பும் இருந்துச்சுன்னு அப்பா சொல்வார்" என்றாள், காய்கறி விலை சொல்கிற மாதிரி. வளையலைத் தட்டில் வைத்த வில்ஃப் அதிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

எனக்குத் தெரியும் ஏனென்று. நாங்கள் ஒரே தெருக்காரர்கள். அவருக்கும் அவர் மனைவி ஈனிடுக்கும் பிறந்த ஒரே பெண் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. அந்தக் காலத்து ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்ட குழந்தையைத் தாய்க்குக் காட்டமாட்டார்கள்; மறந்துவிடுவாள் என்று நினைப்பு. ஈனிட் மயக்கத்தில் கிடக்க, நர்ஸ் அதைத் துணியில் சுற்றி வில்ஃப் கையில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில், "குடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். அவர் கொடுத்துவிட்டார். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. ஈனிடும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சே கிடையாது.

ஏலம் விடுகிற எங்கள் பெரியவர் லாஸ்கோம்ப் நகைகளை இரண்டு ஏல எண்ணாகப் பிரித்துப் போட்டார். வில்ஃப் மெல்லக் கேட்டார்: "சார், ஒரே குழியில இருந்தது. ஒண்ணாவே வித்துடலாமே?"

"மாலை வாங்கறவங்க வேற, வளையல் வாங்கறவங்க வேற வில்ஃப். சேத்து வித்தா ரெண்டுமே படுத்துடும்."

"தாயும் பிள்ளையும் சார்."

"செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சுய்யா! போய் வேலையைப் பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வில்ஃப் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏலத்தன்று மாலையின் எண் வந்ததும் திரைக்குப் பின்னால் கையை நீட்டினார். "ரெண்டையும் ஒரே தட்டில வை."

"புத்தி கெட்டுப் போச்சா? ரெஜ் கதிதான் உனக்கும்."

"தெரியும். வை."

"பென்ஷன் வாங்கற வயசுல வேலை போனா ஈனிடுக்கு என்ன பதில் சொல்லுவே?"

"அதை நான் பாத்துக்கறேன். வைம்மா."

வைத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் வைப்பேன், போங்கள்.

வில்ஃப் தட்டை உயர்த்தி, கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகக் காட்டினார். மேடையில் நின்ற லாஸ்கோம்புக்குக் கண்ணெல்லாம் கை தூக்குகிறவர்கள் மேல். தட்டை அவர் எங்கே பார்த்தார்? சுத்தியல் விழுந்தது. அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். வில்ஃப் வெறும் தட்டோடு நின்றார்.

"வளையல் எங்கே?"

"இப்பத்தான் வித்தீங்க சார். எல்லாரும் பாத்தாங்க."

கூடத்தில் ஒரே சலசலப்பு. மாலையை எடுத்த பிரிஸ்டல்காரர் எழுந்து, "ரெண்டையும் பாத்துத்தான் கை தூக்கினேன். ரெண்டும் எனக்குத்தான்" என்றார். லாஸ்கோம்புக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான்.

ஏலம் முடிந்ததும் வில்ஃபைக் கூப்பிட்டு ஏப்ரனைக் கழற்றி வைக்கச் சொன்னார். கர்னல் மகளுக்குக் கூடம் ஈடு கட்டவேண்டும். கோபம் வராமல் என்ன செய்யும்? "அந்த ஆள் நாளைக்கே பிரிச்சு வித்தா என்ன பண்ணுவே?"

"வித்தா விக்கட்டும் சார். அது அவர் கை. என் கையால பிரியலை."

மனுஷன் வீட்டில் வாய் திறக்கமாட்டார் என்று தெரிந்து நானும் கூடவே போனேன். ஈனிட் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நான்தான் சொன்னேன், பெட்டி வந்ததிலிருந்து ஏப்ரன் கழன்றது வரைக்கும். வேலை போனதைச் சொன்னபோது அவள் நிமிரவில்லை. பட்டாணித்தோலை ஓரமாகத் தள்ளினாள்.

"வில்ஃப்" என்றாள். "நம்ம பொண்ணை நீ கையில வச்சிருந்தேல்ல?"

அவர் தலையாட்டினார்.

"அவ கை எவ்வளவு பெருசா இருந்துச்சு?"

வில்ஃப் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் போலப் பிடித்து நீட்டினார். ஈனிட் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அந்த வளையத்துக்குள் தன் விரலை நுழைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் விரலை வெளியே எடுக்கவில்லை.