கிளீனர் பக்கச் சக்கரம்

நவம்பர் ஐந்தாம் தேதிக்கும் ஜனவரி பத்தொன்பதாம் தேதிக்கும் இடையில், ஒரே லாரியின் ஒரே சக்கரத்தில் மூன்று சென்சார்கள் செத்துப்போயின. கள்ளக்குறிச்சியில் பதினோரு வருடமாக லாரிகளுக்கு எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் கலையரசிக்கு இப்படி நடந்ததே இல்லை. அவள் கை பட்ட வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. இது இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது.

வண்டி தமிழழகனுடையது. அவருக்கு ஐந்து லாரிகள். ஐந்தும் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்கு இறக்குபவை. திங்கட்கிழமை காலை அவர் பட்டறை வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமலேயே பேசினார்.

"இன்னாம்மா, உன் லைட்டு மறுபடியும் எரியுது."

"என் லைட்டு இல்ல சார், உங்க வண்டி லைட்டு."

"யாரு லைட்டா இருந்தா இன்னா. வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். அப்புறம் அந்த ஏபிஎஸ் வயரையே அறுத்து வுட்டுடறேன். ஒண்ணுல இல்ல, அஞ்சு வண்டிலயும். எங்கப்பா காலத்துல ஏபிஎஸ் வச்சிக்கினா மலை ஏறுனாங்க?"

அவர் போய்விட்டார். அறுப்பது இரண்டு நிமிட வேலை. யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள். ஆனால் பத்து டன் கிழங்கோடு ஈரச் சாலையில் கொண்டை ஊசி வளைவில் சக்கரம் பூட்டிக்கொண்டால், அதை உடனே விடுவிக்கச் சொல்வது அந்த ஏபிஎஸ்தான். சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தை எண்ணி, சக்கரம் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அதற்குத் தகவல் சொல்வது கட்டைவிரல் பருமன்கூட இல்லாத அந்தச் சென்சார். அது செத்தால் டிரைவர் முன்னால் எச்சரிக்கை லைட் எரியும்.

கலையரசி வடக்கனந்தல்காரி. அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் கரும்பு வெட்டியவர்கள். ஐடிஐ வகுப்பில் இருபத்திரண்டு பேரில் அவள் ஒருத்திதான் பெண். விழுப்புரத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டாள். புதிதாக வருகிறவர்கள் இன்றும் "மெக்கானிக் இல்லியாம்மா?" என்று கேட்பார்கள். "இருக்காங்க" என்று லாரிக்கு அடியிலிருந்து பதில் வரும்.

முதல் இரண்டு தடவையும் லைட்டை அணைக்கச் சொன்னார்கள், புது சென்சார் மாட்டி அணைத்தாள். சென்சார் ஏன் போனது என்று கேட்கவில்லை. அந்தத் தப்பு தன்னுடையதுதான் என்று அன்று காலை அவளுக்குப் புரிந்தது.

கிளீனர் பக்கத்து அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாள். பேரிங் ஆட்டம் பார்த்தாள், ஆட்டமில்லை. பல் வளையத்தைத் துடைத்துப் பார்த்தாள். ஒரு பல்லும் உடையவில்லை. வயரைக் கையால் நீவிக்கொண்டே போனாள். எங்கும் உரசல் இல்லை. கழற்றிய சென்சாரில் மல்டிமீட்டரை வைத்தால் ஆயிரத்து நூற்றைம்பது ஓம் காட்டியது. அது நல்ல சென்சார் காட்டும் கணக்கு.

கெட்டுப்போனது நல்லது மாதிரி நடிக்கிறது என்றால், எப்போது நடிப்பை விடும்? மலை இறங்கும்போதுதான் லைட் எரிவதாக டிரைவர் சின்னதுரை சொல்லியிருந்தார். மலை இறங்கும்போது சக்கரம் சூடாகும். கலையரசி சென்சாரையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு பக்கத்து டீக்கடைக்குப் போனாள்.

"ஒரு டம்ளர் சுடுதண்ணி குடுங்கண்ணா. நல்லா கொதிக்கணும்."

கடைக்காரர் கந்தசாமி கொடுத்தார். அவள் சென்சாரின் தலையை அதில் முக்கினாள்.

"இன்னாம்மா, அதுக்கு டீத்தூள் போடட்டா?"

"சக்கர மட்டும் கம்மியா."

அரை நிமிடத்தில் மீட்டரிலிருந்த எண் காணாமல் போனது. உள்ளே இருந்த கம்பிச் சுருள் சூட்டில் தொடர்பு விட்டு நின்றது. வெளியே எடுத்து ஆறவைத்ததும் எண் திரும்பி வந்தது. துடைத்துவிட்டு லென்ஸை வைத்துப் பார்த்தாள். தலையின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். முன்பு கழற்றிய இரண்டையும் டப்பாவிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அதே இடத்தில் அதே விரிசல்.

வெறும் சூட்டில் இப்படி விரியாது. சூடாக இருக்கும்போது சட்டென்று குளிர்ந்தால்தான் விரியும். மலையில் அதைக் குளிரவைப்பது எது? பட்டறையில் உட்கார்ந்து யோசித்தால் தெரியாது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவள் சின்னதுரையோடு கேபினில் ஏறினாள்.

வெள்ளிமலைக்கு அப்பால் லோடு ஏற்றிவிட்டு மத்தியானம் இறங்க ஆரம்பித்தார்கள். நான்காவது வளைவில் கருகல் வாடை வந்தது. சின்னதுரையின் கால் பிரேக்கை விட்டு எழவே இல்லை. இப்படிப்பட்ட இறக்கத்தில் புகை போகும் வழியை அடைத்து என்ஜினைக் கொண்டே வண்டியைப் பிடிப்பதற்குத்தான் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது. அதன் சுவிட்ச் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருந்தது.

"எக்ஸாஸ்ட் போடலாமேண்ணா?"

"வேணாம்மா."

"ஏன்?"

கலையரசி தானே கையை நீட்டிச் சுவிட்சை அழுத்தினாள். என்ஜின் சத்தம் மாறவில்லை. வண்டியின் நெற்றியிலிருந்து கல்யாண மேளம் போல ஒரு மெட்டு எழும்பி, எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது.

"ஆயுத பூஜைக்கு மாட்டுனது" என்றார் சின்னதுரை, சாலையைப் பார்த்தபடி. "ஏர் ஹாரனு. அதுக்குத் தனியா வால்வு வாங்கணும்னான் ஹாரன் கடக்காரன். எக்ஸாஸ்ட் வால்வு சும்மாதான இருக்குதுனு அதையே எடுத்து மாட்டிக் குடுத்துட்டான்."

"சும்மாவா இருந்திச்சு?"

"மழ இல்லாத நாளு எல்லாம் சும்மாதாம்மா."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள். இன்னும் பாதிதான் தெரிந்திருந்தது.

கச்சிராயபாளையத்துக்கு முன்னால், அடிவாரத்தில், ஒரு வாழைத்தோட்டத்தின் மோட்டார் கொட்டகை ஓரமாக சின்னதுரை வண்டியை ஒதுக்கினார். லாரிக்காரர்களுக்கென்றே ஒரு ஓஸ் பைப் அங்கே கிடந்தது. அதை எடுத்து, புகைந்துகொண்டிருந்த பிரேக் டிரம்மில் தண்ணீரைப் பீய்ச்சினார். கிளீனர் உட்காரும் இடது பக்கம்தான் தோட்டத்தை ஒட்டியிருந்தது. டிரைவர் பக்கம் பஸ் உரசிக்கொண்டு போகும் சாலை. அங்கே பைப்போடு யாரும் போய் நிற்பதில்லை. சுர்ரென்று எழும்பிய ஆவி வாழை இலைகளை மறைத்தது.

"தெனமும் இப்டியாண்ணா?"

"ஊத்தலன்னா டயர் வெடிச்சுடும்மா. நான் கண்ணால பாத்துருக்கேன்."

"டிரைவர் பக்கம் ஊத்தறது இல்லியே. அந்த டயர் என்னிக்காவது வெடிச்சுதா?"

சின்னதுரை வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கத்துச் சக்கரத்தைப் பார்த்தார். புதிதாகப் பார்ப்பதுபோல நின்று பார்த்தார். திரும்பி வந்து பைப்பைக் கீழே போட்டார்.

"மொதலாளி கிட்ட ஹாரன் சமாச்சாரத்த சொல்லிடாதம்மா. சீட்டுலேருந்து எறக்கிடுவாரு."

"வயர அறுக்கறேன்றாருண்ணா. எதனால போச்சுனு சொல்லாம நான் எப்டி நிறுத்துவேன்? யார் மாட்டுனதுனு நான் சொல்ல மாட்டேன். அவரு கேட்டா நீங்கதான் பேசணும்."

புதன்கிழமை முழுக்க வேலை. ஹாரனிலிருந்து வால்வைப் பிரித்து எக்ஸாஸ்ட் பிரேக்கில் திரும்ப மாட்டினாள். சென்சார் உட்காரும் துளையைச் சுத்தம் செய்து, புது பிடிப்புக் குழாயைச் செருகி, லேசாக கிரீஸ் தடவி, நான்காவது சென்சாரைப் பல் வளையத்தில் முட்டும்வரை விரலால் தள்ளினாள். இடைவெளி விட வேண்டியதில்லை. சக்கரம் சுற்றும்போது வளையமே தனக்கு வேண்டிய அளவு அதைத் தள்ளி வைத்துக்கொள்ளும். சக்கரத்தைக் கையால் சுற்றினாள். மீட்டரில் மின்னழுத்தம் சீராக ஏறி இறங்கியது.

வியாழக்கிழமை லோடு இறங்கும் நேரத்துக்குத் தமிழழகனை மோட்டார் கொட்டகைக்கே வரச் சொல்லியிருந்தாள். வந்திருந்தார். வண்டி வந்து நின்றது. லைட் எரியவில்லை. டிரம்மிலிருந்து புகை வரவில்லை. தமிழழகன் சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோய், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுதே?"

"சுடத்தான் செய்யும் சார். முந்தாநேத்து இவ்ளோ கிட்ட போயிருந்தா உங்க தோலு அங்கயே இருந்திருக்கும். எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாம எறக்கியிருக்காங்க. அதனால சூடு. சூடு தாங்காம தண்ணி. தண்ணியால சென்சார் வெடிச்சுது. சென்சார் போனதால லைட்டு. நீங்க கடைசியா இருக்கறத அறுக்கறேன்றீங்க."

"எக்ஸாஸ்ட்ட யாரு புடுங்குனது?"

கலையரசி கீழே கிடந்த ஓஸ் பைப்பைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"நான்தாங்க மொதலாளி" என்றார் சின்னதுரை. "ஹாரனுக்கோசரம்."

தமிழழகன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தப் பீப்பீயவாடா நான் மூணு மாசமா நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன்?"

சின்னதுரை தலையைக் குனிந்துகொண்டார்.

"வயரு?" என்று கேட்டாள் கலையரசி.

"இருக்கட்டும்மா. அறுத்தா நீ அடுத்த லோடுக்கும் ஏறி வந்து உக்காந்துக்குவ." அவர் பைக்கைக் கிளப்பினார். இரண்டடி போய் நின்று திரும்பிப் பார்த்தார். "மத்த வண்டிங்களையும் ஒருவாட்டி பாத்துடு."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டாவது லாரி பட்டறைக்கு வருகிறது. அதில் ஏபிஎஸ் லைட் எரிவதில்லை; டிரைவர் பல்பைக் கழற்றி வைத்திருக்கிறார்.