குளிர்பெட்டிக்குக் கீழே தேசிக்காய்

கோப்பைக்குள் ஐஸ்கட்டி விழும் சத்தம் கேட்டால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அண்ணையை நினைத்துத்தான்.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பிரெஞ்சு பேசும் ஊரான சென்ட் லோரன்டில் குளிர்பெட்டி செய்யும் சிறிய பட்டறையொன்றில் என்னோடு வேலை செய்தவர். திருகோணமலைக்காரர். குழாய் ஒட்டுவது அவர் வேலை. தூக்குவதும் கூட்டுவதும் என் வேலை. எங்கள் பெட்டிகளில் மோட்டார் கிடையாது. அடியில் சூடு காட்டினால் குழாய்க்குள் இருக்கும் திரவம் ஆவியாகி மேலேறி, குளிரைத் தந்துவிட்டு, தன் பாட்டில் கீழே வடிந்து வரும். பெட்டி சரியாமல் மட்டமாக நின்றால் போதும். சூட்டால் ஐஸ் செய்வது எனக்குக் கடைசிவரை அதிசயம்தான். ஆனால் உள்ளே ஓடியது அமோனியா. துளி கசிந்தாலும் அண்ணைக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். வெளியே பனிக்குள் ஓடுவார்.

அதனால், ஆளுக்கும் காற்றுக்கும் கேடில்லாத புதிய திரவமொன்றை எங்கள் பொறியியலாளர் மதாம் கொண்டுவந்தபோது, அவரைவிட அண்ணைக்குத்தான் சந்தோஷம். முதலாளிக்கு நம்பிக்கை இல்லை. சோதனையன்று பின்னேரத்துக்குள் ஐஸ் வராவிட்டால் பழைய அமோனியாதான் என்று சொல்லிவிட்டார்.

முதல்நாளே மட்டம் பார்த்து வைத்த சின்னச் சோதனைப் பெட்டிக்குக் காலையில் சூடேற்றினோம். மத்தியானமாகியும் குளிரவில்லை. மதாம் குழாய் குழாயாகத் தொட்டுப் பார்த்தார். அண்ணை முருகனைக் கூப்பிட்டார். கூட்டுவதற்குக் குனிந்த நான் பெட்டியின் முன்கால்களுக்குக் கீழே இரண்டு பச்சை எலுமிச்சங்காய்களைக் கண்டேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத நான் கத்தியே விட்டேன்.

"அண்ணை! தேசிக்காய்!"

"ஓமடா, விடியத்தான் வைச்சனான். புதுக் காருக்கு வைக்கிறேல்லையோ?"

"கார் நசிச்சுப்போட்டுப் போயிடும். இது மேல குந்திக்கொண்டெல்லோ நிக்குது! பெட்டி சரிஞ்சுபோச்சு."

அண்ணை தன் அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கியதைக் கேட்டு மதாம் நிலத்தில் குந்திவிட்டுச் சிரித்தார். கல்லுப்போன்ற அந்தக் காய்களை இழுத்தெடுத்து, மட்டம் பார்த்து, மறுபடி சூடேற்றினோம். முதலாளி வந்தபோது தட்டில் ஐஸ் இருந்தது. அண்ணை அதே தேசிக்காய்களைப் பிழிந்து, கோப்பிக்கு வைத்திருந்த சீனியைக் கரைத்து, ஐஸ் போட்டு எல்லோருக்கும் கொடுத்தார். முதலாளி குடித்து முடித்து, இன்னொரு பெட்டி செய்யச் சொன்னார்.

"பாத்தியே," என்றார் அண்ணை என் காதுக்குள். "தேசிக்காய் வேலை செய்துபோட்டுது."

போன கிழமை லவாலில் அவர் வீட்டுக்குப் போனேன். குசினியில் புதுக் குளிர்பெட்டி. என்னையறியாமல் குனிந்து அதன் கால்களைப் பார்த்தேன்.

"பயப்பிடாதை," என்றார். "காய் கோப்பைக்குள்ளதான் கிடக்கு."

ஐஸ்கட்டி விழுந்தது.